ஏழைகளின் வீட்டுக் கலைஞர் லாரி பேக்கர்

இந்த மாதம் நாம் தெரிந்துகொள்ளப் போவது ஒரு கட்டடக் கலைஞரைப் பற்றி. பெயர் லாரி பேக்கர். (லாரின்னதும் மணல் லாரி ஞாபகம் வருதா? சிரிக்காதீங்க, அது அவர் பெயர்தான்!)

இளமை

லாரி பேக்கர் 1917 மார்ச் 2ல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிறந்தார். கட்டடக் கலை படித்தார். இரண்டாம் உலகப் போரின்போது சீனாவுக்குப் போய் நோயாளிகளுக்குச் சேவை செய்தார். ஊர் திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்காகக் காத்திருந்தபோது காந்தியடிகளைச் சந்தித்தார். வீட்டுக்கு வேண்டிய பொருள் ஐந்து மைல் சுற்றளவிலேயே கிடைக்கணும் என்ற காந்தியின் கருத்து அவர் மனதில் நன்றாகப் பதிந்துவிட்டது.

1945ல் தொழுநோய் மருத்துவமனைகள் கட்டும் வேலைக்காக இந்தியா வந்தார். (நம்ம செங்கல்பட்டு பக்கம் திருமணியிலும் தொழுநோய் மருத்துவமனை இருக்கிறது.) 1948ல் டாக்டர் எலிசபெத்தைத் திருமணம் செய்தார். இருவரும் இமயமலைப் பகுதியில் பித்தோராகர் என்ற இடத்தில் பல வருடம் வாழ்ந்தார்கள். அங்குள்ள மக்கள் கல்லையும் மண்ணையும் வைத்துக் கட்டுவதைப் பார்த்து, படிப்பில் கிடைக்காததைக் கற்றுக்கொண்டார். பிறகு கேரளா வந்து திருவனந்தபுரத்தில் தங்கினார்.

அவர் செய்த புதுமைகள்

1. எலிப்பொறிக் கட்டு: செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைப்பார். நடுவில் காலி இடம் வரும். 1000 செங்கல் பிடிக்கிற சுவருக்கு ஏறக்குறைய 750 போதும். உள்ளே இருக்கும் காற்று வெயில் சூட்டைச் சீக்கிரம் உள்ளே விடாது.

2. ஓடு வைத்த தளம்: கான்கிரீட் தளத்தின் கீழ்ப்பகுதியில் இழுவையைத் தாங்குவது கம்பிதான். அதனால் கம்பிகளுக்கு நடுவே பழைய ஓடுகளை வைத்து மேலே கான்கிரீட் போட்டார். சிமெண்ட் மிச்சம்.

3. ஜாலி: ஜன்னலுக்குப் பதில் செங்கல்லுக்கு இடையே ஓட்டை விட்டுக் கட்டுவது. காற்றும் வெளிச்சமும் வரும், மரச் செலவு கிடையாது.

4. சுவருக்குப் பூச்சு பூச மாட்டார். செங்கல்லே அழகு என்பார்.

திருவனந்தபுரத்தில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையம் அவர் கட்டியதுதான். நம்ம பக்கத்திலேயே, மகாபலிபுரம் போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காடு தட்சிணசித்ராவின் வடிவமைப்பிலும் அவருக்குப் பங்கு உண்டு. அது 1996ல் திறக்கப்பட்டது. 1990ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இந்தியக் குடிமகனாகவே வாழ்ந்து 2007 ஏப்ரல் 1ல், 90ஆம் வயதில் காலமானார்.

நாம் யோசிக்க வேண்டியது

எங்க தெருவில் கொத்தனார் வேலை செய்யும் பெரியப்பாவிடம் இதைக் கேட்டேன். "நல்லா வெந்த கல்லு வேணும், கையும் நிதானமா இருக்கணும். ஆனா பூசாம விட்டா, காசில்லாம பாதியில நிறுத்திட்டான்னு ஊரே பேசும்மா" என்றார்.

அவர் சொன்னது உண்மை. நம்ம பள்ளியிலேயே பூசாத வீட்டுப் பிள்ளைகள் தோழிகளை வீட்டுக்குக் கூப்பிடக் கூச்சப்படுகிறார்கள். ஊர் பேசுமே என்று பயந்து கடன் வாங்கிப் பூசுகிறவர்களும் உண்டு. அந்தக் கடனுக்கு வட்டி கட்டுவதற்காக அம்மா சித்தாள் வேலைக்குப் போகிறார். ஆனால் பெரிய படிப்பு படித்த பேக்கர் வேண்டுமென்றே பூசாமல் கட்டினார். அதைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள்!

அதனால் தோழிகளே, தோழர்களே, பூசாத வீட்டைப் பார்த்து இனி யாரும் கேலி செய்ய வேண்டாம். சுவருக்கு வேண்டியது பலம், வீட்டுக்கு வேண்டியது நிழலும் காற்றும்.

கேள்வி: எலிப்பொறிக் கட்டில் 4000 செங்கல் சுவருக்கு எத்தனை செங்கல் மிச்சமாகும்? விடையைக் கணக்கு ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி