ஃபிட்டர் படிப்பு: சேர்க்குமுன் அறிய வேண்டியவை



பத்தாம் வகுப்பு முடிவுகள் வந்துவிட்டால் நமது அறக்கட்டளை அலுவலகத்திற்குக் கல்வி உதவி கேட்டுப் பலர் வருவார்கள். "மார்க் குறைவு, ஐ.டி.ஐ.யில்தான் போட வேண்டும்" என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்லும் தகப்பனார்களைப் பார்க்கிறோம். இதில் குனிவதற்கு எதுவுமில்லை. நபி தாவூத் (அலை) அவர்கள் இரும்புக் கவசம் செய்ததையும், அதன் வளையங்களை அளவறிந்து அமைக்கும்படி கட்டளையிடப்பட்டதையும் ஸபா அத்தியாயத்தில் ஓதுகிறோம். இயந்திரத் தொழிலின் உயிரே அந்த அளவுதான்.

ஃபிட்டர் பயிற்சி 2 ஆண்டுகள். தொடக்கத்தில் மாணவன் கையில் அரமும் உளியும் சுத்தியலும்தான். பெஞ்ச் வைஸில் இரும்புத் துண்டைப் பிடித்து, அரம் போட்டுச் சமதளமாக்க வேண்டும். உள்ளங்கை கொப்பளிக்கும். மனம் தளர்வது இந்தக் கட்டத்தில்தான்; வீட்டார் தைரியம் சொல்ல வேண்டும். பிறகு துளையிடுதல், மரை வெட்டுதல், வெல்டிங், லேத் வேலை என்று பயிற்சி வளரும்.

கணக்கும் உண்டு. வெர்னியர் காலிப்பரில் 49 மி.மீ. நீளம் 50 பிரிவுகளாக்கப்பட்டிருக்கும். ஒரு பிரிவு 0.98 மி.மீ. இதை 1 மி.மீ.யிலிருந்து கழித்தால் 0.02 மி.மீ.; அதுவே மீச்சிற்றளவு. பிரதான அளவுகோல் 24 காட்டி, வெர்னியரின் 13ஆவது கோடு நேராகப் பொருந்தினால், அளவு 24 + (13 × 0.02) = 24.26 மி.மீ. பிள்ளையை இதை விளக்கச் சொல்லிக் கேளுங்கள். பாடம் புரிந்ததா என்பது தெரிந்துவிடும்.

இனி, நாம் செய்த தவறு ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் தந்தையை இழந்த ஒரு பிள்ளைக்குத் தனியார் பயிற்சி நிலையமொன்றில் 2 ஆண்டுக் கட்டணத்தையும் நாமே கட்டினோம். படித்து முடித்து வேலைக்குப் போனபோது, அந்தச் சான்றிதழ் செல்லாது என்றார்கள். அந்த நிலையத்திற்கு வேறொரு பிரிவுக்குத்தான் அங்கீகாரம் இருந்தது; ஃபிட்டருக்கு இல்லை. விசாரிக்காமல் பணம் கட்டியது நாம். 2 ஆண்டுகளை இழந்தது அவர். ஜகாத் பணத்திற்கும் அந்தப் பிள்ளையின் காலத்திற்கும் நாம் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

ஆகவே, நிலையத்தின் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். சேரப்போகும் பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா என்பதை மாவட்டத்திலுள்ள அரசு ஐ.டி.ஐ.யில் கேட்டுக்கொள்ளுங்கள். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணமும் இல்லை. முதலில் அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். பெண் பிள்ளைகளும் சேரலாம்.

படிப்பு இத்துடன் முடிவதில்லை. 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி தொழிற்சாலைகளில் உதவித்தொகையுடன் பழகுநராகச் சேரலாம். ரயில்வேயின் உதவி லோகோ பைலட் பணிக்கு விண்ணப்பிக்கவும் ஃபிட்டர் சான்றிதழ் தகுதியாகும். மேலே படிக்க விரும்பினால் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ 2ஆம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். அதை முடித்தால் பி.இ. 2ஆம் ஆண்டில் சேரலாம்.

இனி அங்கீகார விவரத்தைச் சரிபார்த்த பிறகே உதவித்தொகை வழங்குவோம். தாமதமானால் பொறுத்துக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகளின் உழைப்பு வீணாகாமல் அல்லாஹ் காப்பானாக. ஆமீன்.