சாக்கடையை விட்டுவிட்டு மாடிக்கு ஏறியது ஏன்?

கேள்வி: ஐயா, எங்கள் தெருவில் போன மாதம் இரண்டு பேருக்கு மலேரியா வந்தது. அடுத்த வாரமே விடியற்காலையில் ஒரு பெண்ணும் ஒரு பையனும் வந்து, பக்கத்து மாட்டுக்கொட்டகையில் டார்ச் அடித்து, குழாய் ஒன்றை வாயில் வைத்துச் சுவரில் இருந்த கொசுக்களை உறிஞ்சி எடுத்தார்கள். பிறகு எங்கள் மொட்டைமாடிக்கு ஏறி, தண்ணீர் டாங்கைத் திறந்து, நீளக் கரண்டியால் மொண்டு மொண்டு பார்த்தார்கள். வாசலில் நாறிக்கொண்டிருக்கும் சாக்கடையைத் திரும்பியும் பார்க்கவில்லை. புகை அடிக்கச் சொன்னேன். "அது வேற டீம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். கொசுவைக் கொல்லாமல் பிடித்துப் போய் என்ன செய்வார்கள்? வாயால் உறிஞ்சினால் அவர்களுக்கு நோய் வராதா? விலங்கியல் படிக்கும் என் மகள், அன்றிலிருந்து இதைத்தான் மேலே படிப்பேன் என்று நிற்கிறாள். கொசுவுக்கென்று ஒரு படிப்பு இருக்கிறதா?
- ஒரு வாசகி, வண்ணாரப்பேட்டை, சென்னை

பதில்: அம்மா, உங்கள் மகளுக்கு முதலில் என் வாழ்த்தைச் சொல்லுங்கள். அந்தப் படிப்பைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் சாக்கடை.

கொசு என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆனால் உங்கள் வீட்டைச் சுற்றி மட்டும் குறைந்தது மூன்று வகை இருக்கும். சாக்கடையில் பெருகுவது கியூலெக்ஸ். ராத்திரி தூக்கத்தைக் கெடுப்பதும், யானைக்கால் நோயைப் பரப்புவதும் அதுதான். பூந்தொட்டித் தட்டு, உடைந்த குடம், பழைய டயர் என்று தேங்கிய கொஞ்சம் தண்ணீரில் பெருகிப் பகலில் கடிப்பது ஏடிஸ். டெங்கு அதன் வேலை. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் இந்த இரண்டிலிருந்தும் வேறு. சென்னையில் அதன் முக்கியமான இனம் அனோபிலிஸ் ஸ்டீபன்சி. அதற்குத் தெளிந்த தண்ணீர் வேண்டும். கிணறு, சம்ப், மூடி சரியில்லாத மாடி டாங்க், இவைதான் அதன் பிரசவ அறைகள். வந்த இருவரும் தெரிந்தேதான் மாடிக்கு ஏறியிருக்கிறார்கள்.

கரண்டியில் மொண்ட தண்ணீரைப் பார்த்ததுமே அவர்களுக்குப் பாதி விஷயம் புரிந்திருக்கும். கியூலெக்ஸ், ஏடிஸ் புழுக்களுக்கு வால்பக்கம் ஒரு மூச்சுக்குழல் உண்டு. அதை நீர்மட்டத்தில் நீட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்கும். அனோபிலிஸ் புழுவுக்கு அந்தக் குழல் கிடையாது. தண்ணீரின் மேல்பரப்போடு ஒட்டிக் கிடையாகப் படுத்திருக்கும். வளர்ந்த கொசுவும் அப்படித்தான், சுவரில் உட்காரும் தோரணையிலேயே காட்டிக்கொடுத்துவிடும். மற்றவை சுவருக்கு இணையாக உட்காரும், அனோபிலிஸ் மட்டும் தலையைத் தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கி, ஆணி அடித்தாற்போல் சாய்ந்து நிற்கும்.

எந்தக் கொசு என்று தெரியாமல் தேடினால் எவ்வளவு காலம் வீணாகும் என்பதற்கு ரொனால்ட் ராஸே சாட்சி. 1881-இல் மதராஸில் ராணுவ மருத்துவராகப் பணிக்குச் சேர்ந்தவர் அவர். பிற்பாடு செகந்திராபாத்தில் நோயாளிகளைக் கடித்த கொசுக்களை ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்தார். எல்லாம் சாம்பல் நிறக் கொசுக்களும் வரிக்கொசுக்களும்தான். ஒன்றிலும் மலேரியாக் கிருமி வளரவில்லை. கடைசியில் இறக்கையில் புள்ளி உள்ள ஒரு வகை கைக்குக் கிடைத்தது. உசேன் கான் என்ற நோயாளி, கடிக்கும் கொசு ஒன்றுக்கு ஓர் அணா கூலிக்கு அவற்றுக்குத் தன் உடம்பைக் கொடுத்தார். 1897 ஆகஸ்ட் 20 அன்று அந்தக் கொசு ஒன்றின் வயிற்றுச் சுவரில் கிருமியின் கட்டிகளை ராஸ் கண்டார். அது அனோபிலிஸ். ராஸுக்கு 1902-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கூலி நோயாளியையும் நாம் மறக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

இனி உறிஞ்சு குழாய். ஒரு கண்ணாடிக் குழாய், அதோடு ஒரு ரப்பர் குழாய், இரண்டும் சேரும் இடத்தில் மெல்லிய வலைத்துணி. இழுக்கும் மூச்சில் கொசு கண்ணாடிக்குள் வந்து வலையோடு நின்றுவிடும், வாய்க்குள் போகாது. மலேரியாக் கிருமி கொசுவின் எச்சிலோடு, அது கடிக்கும்போதுதான் நம் ரத்தத்தில் இறங்கும். ஆகையால் அந்தக் கவலை வேண்டாம். பிடித்த கொசுவை வலை கட்டிய காகிதக் கோப்பைக்குள் ஊதிவிடுவார்கள். மேலே சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சு, சுற்றி ஓர் ஈரத்துண்டு. வெயில் ஏறினால் செத்துப்போகும் என்பதால், பச்சைக்குழந்தையைக் கொண்டுபோவது மாதிரி கொண்டுபோவார்கள். விடியலில் வருவதற்கும் காரணம் உண்டு. இரவில் ரத்தம் குடித்த பெண் கொசு, வயிறு சிவந்து கனத்து, அந்த நேரத்தில்தான் சுவரில் அசையாமல் ஓய்ந்திருக்கும். ஆண் கொசு ரத்தம் குடிப்பதில்லை.

ஆய்வுக்கூடத்தில் அந்த வயிற்று ரத்தம் மாட்டுடையதா மனிதருடையதா என்று சோதிப்பார்கள். எச்சில் சுரப்பியைப் பிரித்துக் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பூச்சிமருந்து தோய்த்த தாளுக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் வைத்து, மறுநாள் எத்தனை செத்திருக்கின்றன என்று எண்ணுவார்கள். மருந்துக்குப் பழகிப்போன கொசுவின் மேல் அதே மருந்தை அடிப்பது காசுக்குக் கேடு. முக்கியமான சோதனை ஒன்று இன்னும் இருக்கிறது. கொசுவின் வயதைக் கண்டுபிடிப்பது.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் என்னை மலைக்க வைத்தது அதுதான். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு நீர், அதில் கொசு. இரண்டு ஊசிகளால் அடிவயிற்றின் நுனியை மெல்ல இழுத்தால் சினைப்பை வெளியே வரும். காயவிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், அதன் மேல் மிக மெல்லிய காற்றுக்குழல்கள் படர்ந்திருக்கும். ஒருமுறைகூட முட்டையிடாத கொசுவில் அவற்றின் நுனிகள் நூல்கண்டு போலச் சுருண்டிருக்கும். முட்டை வளர்ந்து பை உப்பும்போது சுருள் பிரிந்துவிடும். பிறகு ஒருநாளும் பழையபடி சுருளாது. பிள்ளை பெற்ற வயிற்றில் விழும் வரிகள் மாதிரிதான். டெட்டினோவா என்ற ரஷ்யப் பெண் விஞ்ஞானி வகுத்த முறை இது. ரத்தம் குடித்தால்தான் முட்டை என்பதால், முட்டையிட்ட கொசு ஏற்கெனவே ஒருமுறையாவது கடித்த கொசு.

வயது எதற்கு என்று கேட்பீர்கள். நோயாளியிடம் குடித்த கிருமி கொசுவின் வயிற்றில் வளர்ந்து எச்சில் சுரப்பிக்கு வந்து சேர, நம் ஊர் வெப்பத்தில் சுமார் 10 முதல் 12 நாள் ஆகும். அதற்குள் கொசு செத்துவிட்டால் நோய் அங்கேயே முடிந்தது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கிருமியைக் குடித்த கொசுக்கள் 100. இருப்பதில் பத்தில் ஒன்று வீதம் தினமும் சாகிறது என்றால், 12 நாள் கழித்து 28 உயிரோடு இருக்கும். ஐந்தில் ஒன்று வீதம் செத்தால் மிஞ்சுவது 7. தினசரிச் சாவு இரண்டு மடங்காகும்போது ஆபத்து நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. மருந்தூட்டிய கொசுவலையும், வீட்டுச் சுவரில் அடிக்கும் மருந்தும் பலன் தருவது இப்படித்தான். ஊரில் உள்ள கொசுவையெல்லாம் ஒழிக்க வேண்டியதில்லை, அதைக் கிழவியாக விடாமல் இருந்தால் போதும்.

தெருவில் அடிக்கும் புகை, அந்த நேரத்தில் அங்கே பறக்கும் கொசுக்களைக் கொல்லும். கொட்டகைச் சுவரில் ஒதுங்கியிருப்பதை அது எட்டுவது அரிது. டாங்கில் கிடக்கும் புழுவை அது ஒன்றும் செய்யாது. புகை வண்டி வந்தால் மனதுக்கு ஆறுதலாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் கரண்டியோடு மாடி ஏறும் அந்தப் பெண்ணைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

கொசுவை வேவு பார்ப்பதை விடக் கூடாது என்பதற்கு இலங்கையைச் சொல்லலாம். 1934-35-இல் மழை பொய்த்து, ஆறுகள் வற்றிக் குட்டை குட்டையாக நின்றபோது, அந்தக் குட்டைகளில் அனோபிலிஸ் குலிசிஃபேசிஸ் என்ற கொசு பெருகியது. சுமார் 80,000 பேர் மலேரியாவில் மாண்டார்கள். பிறகு டி.டி.டி. அடித்து, 1963-இல் நாடு முழுவதிலும் வெறும் 17 பேருக்கு என்ற நிலைக்குக் கொண்டுவந்தார்கள். மருந்தடிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. அதே பத்தாண்டு முடிவதற்குள் லட்சக்கணக்கானோருக்குத் திரும்ப வந்தது. அந்த அடியை அவர்கள் மறக்கவில்லை. 2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழ் கிடைத்த பிறகும் கொசு தேடுவதை நிறுத்தவில்லை. அடுத்த ஓராண்டுக்குள்ளேயே மன்னாரில், கிணறுகளில், அதுவரை அங்கே காணாத ஒரு கொசுவைப் பிடித்தார்கள். உங்கள் டாங்கில் தேடினார்களே, அதே ஸ்டீபன்சி.

அதே கொசு 2012-இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் கண்டறியப்பட்டது. அந்த ஆண்டு அந்தச் சிறிய நாட்டில் பதிவான மலேரியா நோயாளிகள் 27 பேர். 2020-இல் 70,000-க்கு மேல். ஆப்பிரிக்காவில் மலேரியாவைப் பெரும்பாலும் கிராமத்து நோயாகவே பார்த்துவந்தார்கள். தொட்டித் தண்ணீரில் வாழத் தெரிந்த இந்தக் கொசுவோ நகரத்துக்குள் வந்துவிட்டது. சென்னைக்குப் பழகிய இந்தக் கொசுவைப் பற்றிய அறிவுக்கு இன்று அங்கே தேவை அதிகம்.

இப்போது உங்கள் மகள். புதுச்சேரியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 1975-இல் தொடங்கியது. பொதுச் சுகாதாரப் பூச்சியியலில் இரண்டு ஆண்டு எம்.எஸ்சி. அங்கே உண்டு, பட்டம் புதுவைப் பல்கலைக்கழகத்தினுடையது. விலங்கியல் படித்தவருக்கு இது இயல்பான அடுத்த படி. விடியலில் எழ வேண்டும், மாட்டுக்கொட்டகை நாற்றம் பழக வேண்டும், நாள் முழுக்க நுண்ணோக்கியில் குனிந்திருக்க வேண்டும். சம்பளம் எடுத்தவுடன் கொழிக்காது. ஆனாலும் இந்த வேலைக்கு ஆள் போதவில்லை. கொசுவை உட்காரும் விதத்திலேயே அடையாளம் சொல்லும் பழைய கைகள் ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கின்றன. தடுக்காதீர்கள் அம்மா, அனுப்பி வையுங்கள்.

அதற்கு முன் அவளையே மாடிக்கு ஏறச் சொல்லுங்கள். டாங்க் மூடி விளிம்போடு பொருந்துகிறதா, ஓவர்ஃப்ளோ குழாயின் வாய் திறந்து கிடக்கிறதா என்று பார்க்கட்டும். மூடி சரியாக இருந்தும் அந்தக் குழாய் வழியாகக் கொசு நுழைந்த டாங்குகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு துண்டு கொசுவலையை மடித்து வாயில் கட்டிவிட்டால் போதும். முட்டை பொரிந்து கொசுவாகப் பறக்க ஏறக்குறைய 7 முதல் 10 நாள்தான் ஆகும் என்பதால், வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்துவிட்டு உடனே மூடுங்கள். தெருவில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அன்றே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். அந்தப் பெண்ணும் பையனும் மறுபடி வந்தால், மாடிக் கதவைத் திறந்துவிடுங்கள்.