உங்கள் உடம்புக்கு ஒரு ஏர் ரைபிள்: தேர்வும் பொருத்தமும்

துப்பாக்கிச் சுடுதல் பழக வரும் பிள்ளைகளின் பெற்றோர் முதலில் கேட்கும் கேள்வி, ‘எந்தக் கம்பெனி ரைபிள் வாங்கலாம்?’ என்பதுதான். ஃபைன்வெர்க்பாவ், வால்தர், அன்ஷுட்ஸ், ஸ்டையர் ஆகியவற்றில் எந்தப் போட்டி ரைபிளை எடுத்தாலும் அதன் குழல் புதிதாகப் பழகுபவரைவிட வெகு துல்லியமானது. புள்ளிகள் பறிபோவது தோளிலும் கன்னத்திலும் ரைபிளின் கட்டை சரியாக உட்காராததால்தான். விலை கேட்பதற்கு முன் உடம்பை அளந்துவிடுங்கள்.

பத்து மீட்டர் ஏர் ரைபிள் இலக்கில் பத்துக்கான புள்ளி வெறும் 0.5 மி.மீ. குண்டின் மையம் 0.25 மி.மீ. விலகினால் 0.1 புள்ளி போயிற்று. ஒரு சுடுக்கு உச்சம் 10.9. தகுதிச் சுற்றில் 60 சுடுகள், 75 நிமிடம். உலக அளவிலான போட்டிகளில் இறுதிச் சுற்றை எட்ட 630-ஐ ஒட்டிய மொத்தம் தேவைப்படுகிறது. அதாவது ஒவ்வொரு சுடும் சராசரியாக 10.5. கழுத்தில் இருக்கும் சின்ன இறுக்கம்கூட இந்தக் கணக்கைக் கெடுத்துவிடும்.

வாங்குவதற்கு முன் சில மாதம் கிளப் ரைபிளிலேயே பழகுங்கள். எந்தக் கண் ஓங்கிய கண் என்று அப்போதே பார்த்துவிட வேண்டும். இரு கைகளையும் நீட்டி நடுவில் சிறு துளை விட்டு, தூரத்துப் பொருள் ஒன்றை இரு கண்ணாலும் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் துளைக்குள்ளேயே நிற்கிறதோ அதுவே ஓங்கிய கண். இடது கண் ஓங்கியவருக்கு இடது கைப்பிடி ரைபிளை வாங்கலாமா என்பதைப் பயிற்சியாளரோடு பேசி முடிவு செய்யுங்கள். கைப்பிடியைப் பின்னால் மாற்றுவது செலவு.

பழைய ரைபிள் வாங்குவதில் தவறே இல்லை. ஆனால் காற்று சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். தயாரித்து பத்து ஆண்டு தாண்டிய சிலிண்டரைப் போட்டிக்குக் கொண்டுபோகக் கூடாது. 200 பார் அழுத்தம் தாங்கும் பொருள் அது. காலாவதியானதை வீட்டில் வைத்திருப்பதே ஆபத்து. காற்றடைத்து ஓர் இரவு விட்டுப் பாருங்கள். மறுநாள் அழுத்தமானி இறங்கியிருந்தால் சீல் கசிகிறது.

இனி பொருத்தும் வேலை. இதற்கு வரிசை முக்கியம், ஏனென்றால் ஒன்றை நகர்த்தினால் அடுத்தது மாறும். ரைபிளில் பெல்லட் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, சுடும் கோட்டையும் அணிந்துகொண்டு தொடங்குங்கள். கோட் இல்லாமல் எடுத்த அளவு கோட் போட்டதும் பயன்படாது.

முதலில் நிலை. வலது கைக்காரர் என்றால் இடது இடுப்பை இலக்குப் பக்கம் தள்ளி, இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேலோ விலாவோடு ஒட்டியோ ஊன்றுங்கள். எடையைத் தசை சுமக்கக் கூடாது, எலும்பு சுமக்க வேண்டும். அந்த முழங்கையை எடுக்காமலே ரைபிள் கண் மட்டத்துக்கு வர வேண்டும். வரவில்லையா? கைத்தாங்கியை உயர்த்துங்கள், தோளில் பதியும் பட் பிளேட்டைக் கீழே இறக்குங்கள். தலையைக் குனிந்து ரைபிளிடம் போகிற பழக்கம் ஒருமுறை வந்துவிட்டால் விடுபடுவது கடினம்.

அடுத்து கட்டையின் நீளம். கைப்பிடியைப் பிடித்தால் சுட்டுவிரலின் முதல் கணுவின் சதை விசையில் நேராக விழ வேண்டும். கட்டை நீளமானால் தோள் முன்னே இழுபடும். குட்டையானால் முகம் பின் சைட்டான டயாப்டரை முட்டும்.

கன்னத்தாங்கிக்குத்தான் அதிக நேரம் கொடுங்கள். கண்ணை மூடிக் கன்னத்தை இயல்பாகச் சாய்த்து, கண்ணைத் திறங்கள். டயாப்டர் துளையின் நடுவில் பார்வை விழுந்தால் சரி. விழாவிட்டால் தாங்கியை நகர்த்துங்கள், தலையை அல்ல. பக்கத்திலிருந்தும் முன்னாலிருந்தும் ஒருவரைப் படம் எடுக்கச் சொன்னால் கண்ணுக்குத் தெரியாத சாய்வும் பிடிபடும்.

முன் சைட்டின் வளையத்தைக் கறுப்பு வட்டத்தைச் சுற்றித் தெளிவாக வெண்மை தெரியும் அளவுக்குப் பெரிதாக வையுங்கள். இறுக்கமான வளையம் துல்லியம் தருவதுபோல் தோன்றும். உண்மையில் சுடத் தயங்கவே வைக்கும். ஏர் ரைபிள் விசைக்குக் குறைந்தபட்ச எடை விதி இல்லை. அதற்காக மூச்சுப் பட்டாலே விடுபடும்படி தளர்த்துவது தவறு. இரண்டு கட்ட விசையில் முதல் கட்டத்தின் முடிவு விரலுக்குத் தெரிய வேண்டும்.

எடைக் கட்டிகளைக் கடைசியில் சேருங்கள். மொத்த உச்சவரம்பு 5.5 கிலோ. அதைத் தொட்டே ஆக வேண்டும் என்பதில்லை. வளரும் பிள்ளையின் முதுகுக்கு அது அதிகம். எல்லாம் முடிந்ததும் கண்ணை மூடி, மூச்சை விட்டு, திறந்து பாருங்கள். வளையம் இடது பக்கம் நின்றால் பாதத்தைத் திருப்புங்கள், கையால் இழுக்காதீர்கள்.

ஒவ்வொரு அளவையும் நோட்டில் எழுதுங்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதிச் சுற்றுக்குமுன் அபினவ் பிந்த்ராவின் சோதனைச் சுடு 4-ல் விழுந்தது. சைட் நிலை மாறியிருந்ததை உணர்ந்து திருத்திக்கொண்டுதான் அவர் தங்கம் வென்றார். எந்த நிலையில் இருந்தது என்று தெரிந்தவருக்கே திரும்பக் கொண்டுவர முடியும். ஒரு நாளில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

பெல்லட்டிலும் தேர்வு உண்டு. தட்டைத் தலை வகையே போட்டிக்குரியது. தலையின் விட்டம் 4.49, 4.50, 4.51 மி.மீ. என்று பிரித்து விற்பார்கள். ரைபிளைப் பிடிமானத்தில் இறுக்கி, ஒவ்வொரு அளவிலும் பத்து சுட்டு, எது நெருக்கமாக விழுகிறதோ அந்தப் பெட்டியின் தொகுதியிலேயே மொத்தமாக வாங்குங்கள். அவை ஈயம், சுட்டு முடித்ததும் சோப்பால் கை கழுவாமல் சாப்பிட வேண்டாம்.

5.5 மி.மீ. குழலுக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். பத்து மீட்டர் போட்டிக்கான காலிபர் 4.5 மி.மீ. மட்டுமே. சட்டத்திலும் சிக்கல் உண்டு. இந்தியாவின் 2016 ஆயுத விதிகளின்படி காலிபர் 4.5 மி.மீ.க்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. இரண்டில் ஒன்று தாண்டினாலும் உரிமம் வேண்டும். அழுத்தச் சீராக்கியைத் திறந்து வேகம் கூட்டுவதும் இதே வம்புதான். குண்டுகள் சிதறவும் செய்யும். ஐம்பது மீட்டர் சுட ஆசையானால் அதற்கான .22 ரைபிள் முற்றிலும் வேறு, உரிமத்துக்குட்பட்டது; கிளப் வழியாகவே அணுகுங்கள்.

பிள்ளை வளர வளர இந்த அளவுகள் மாறும். சில மாதத்துக்கொருமுறை மறுபடி எடுங்கள். ரைபிளுக்கு ஒதுக்கிய தொகையில் கொஞ்சத்தை நல்ல பயிற்சியாளருக்கும் பெல்லட்டுக்கும் மிச்சம் வையுங்கள்.