கடிவாளத்தைத் தளர்த்தப் பழகுங்கள்

எங்கள் பக்கம் மாட்டுக்கு ஒன்று என்றால் யோசனை சொல்லத் தெருவுக்குப் பத்துப் பேர் வருவார்கள். குதிரைக்கு ஒன்று என்றால் எங்கள் ஊர் ஆலங்குளத்திலிருந்து ராஜபாளையம் வரை ஆள் தேட வேண்டும். குதிரைவண்டிகள் ஓடிய காலத்தில் லாடம் கட்டுபவரும் சேணம் தைப்பவரும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார்கள். வண்டிகள் போனதும் அவர்களும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். இப்போது கைப்பேசியில் வீடியோ பார்த்துவிட்டுக் குதிரை வாங்கும் இளைஞர்கள் எங்கள் வட்டாரத்தில் கூடிவருகிறார்கள். குதிரை லாரியில் வந்து இறங்கிவிடுகிறது. அதைக் கையாளும் அறிவு கூடவே வருவதில்லை. அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது கத்தியவார் வழி வந்த ஒரு பெண்குதிரை. காது நுனிகள் இரண்டும் உள்பக்கமாக வளைந்து ஒன்றையொன்று தொடப் பார்க்கும். அவளைப் பழக்க எனக்குச் சொல்லித் தந்தவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு காலத்தில் வண்டி ஓட்டிய பெரியவர். அவர் முதலில் சொன்னதைவிடப் பெரிய பாடம் எதையும் அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை. "தம்பி, நீ இழுக்கிற வரைக்கும் அதுவும் இழுக்கும். கயித்த விடுறதுலதான் இருக்கு எல்லாம்."

முந்நூற்றைம்பது கிலோ எடையுள்ள பிராணியைக் கைவலிமையால் யாராலும் நகர்த்த முடியாது. கயிற்றை லேசாக இறுக்கிப் பிடித்து அப்படியே நிற்க வேண்டும். அது முன்னால் ஓர் அடி வைக்கிறதா, அந்த நொடியே தளர்த்திவிட வேண்டும். அடி எடுத்துவைத்தால் கழுத்தில் இருந்த அழுத்தம் போகிறது என்று அது தானாகக் கண்டுகொள்ளும். அடுத்த முறை இன்னும் சீக்கிரம் நகரும். நிறுத்துவதும் பின்னால் நடத்துவதும் குளம்பைத் தூக்கித் தரச் செய்வதும் இதே வழியில்தான். தளர்த்துவதில் இரண்டு நொடி தாமதித்தால் போதும், எதற்காகத் தளர்த்தினோம் என்பது அதற்குப் புரியாது. நின்ற பிறகும் கடிவாளத்தை இறுக்கியே வைத்திருப்பவரின் குதிரைக்கு வாய் மரத்துப்போகும். அப்புறம் "வாய் கெட்டியான குதிரை" என்று அதன் மேல் பழி போடுவார்கள்.

நாம் பேசாமல் இருந்தாலும் குதிரை நம்மைப் படித்துக்கொண்டே இருக்கிறது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்றொரு குதிரை கணக்குப் போடுவதாகப் பேர் வாங்கியது. கூட்டல் கணக்கைச் சொன்னால் விடைக்குரிய எண்ணிக்கையில் குளம்பால் தரையைத் தட்டும். 1907-இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியல் ஆய்வாளர் உண்மையைக் கண்டுபிடித்தார். கேள்வி கேட்டவருக்கு விடை தெரிந்திருந்தால்தான் குதிரைக்கும் தெரிந்தது. சரியான எண் வந்ததும் அவர் தலையும் தோளும் தம்மை அறியாமல் மிகச் சிறிதாக அசைந்தன. ஹான்ஸ் அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்தியது. கேட்டவருக்கே தெரியாத அசைவு அது! பலர் இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் அது புத்திசாலிக் குதிரை இல்லையே என்பார்கள். எனக்கு அது கணக்கைவிடப் பெரிய திறமையாகத் தெரிகிறது.

ஆகவே வீட்டுச் சண்டையின் சூட்டோடு லாயத்துக்குப் போகாதீர்கள். ஏறத்தாழ 2,350 ஆண்டுகளுக்கு முன்பு குதிரையேற்றம் பற்றி நூல் எழுதிய கிரேக்கர் செனபோனும் கோபத்தோடு குதிரையை அணுகக் கூடாது என்றுதான் வலியுறுத்தினார். அவர் போர்க்களம் கண்ட படைத்தலைவர். கோபத்தைப் போலவே பயமும் குதிரைக்குத் தொற்றும். எதிரே லாரி வருவதைக் கண்டு மேலே இருப்பவர் மூச்சைப் பிடித்துத் தொடையை இறுக்கினால், லாரியைக் கண்டு அஞ்சாத குதிரைகூட அவரது தொடையை நம்பி மிரளும். எங்கள் ஊர் சிமெண்ட் ஆலை ஊர். பெரிய வண்டிகளைத் தவிர்க்க முடியாது. சத்தம் கேட்டதும் மூச்சை நீளமாக வெளியே விடப் பழகினேன். குதிரை கழுத்தைத் தாழ்த்துவது அந்த மூச்சிலேயே தெரியும்.

குதிரை வைத்திருக்கிறேன் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் தவறாமல் கேட்பது வெடியைப் பற்றித்தான். சிவகாசி பக்கத்திலேயே இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் எந்த நேரத்தில் எங்கே வெடித்துப் பார்ப்பார்கள் என்று சொல்ல முடியாது. கல்யாணம், கோயில் கொடை, கட்சி ஊர்வலம் எதுவும் சரவெடி இல்லாமல் நடப்பதில்லை. சத்தத்துக்குப் பழக்க, அருகில் வெடியைப் போட்டுக் குதிரையைப் பிடித்து நிறுத்தும் ஒரு வழக்கம் இருக்கிறது. அது பழக்கம் ஆகாது. குதிரை ஓட முடியாமல் உறைந்து நிற்பதைப் பணிவு என்று எண்ணிக்கொள்கிறார்கள். அப்படி நின்ற குதிரை ஒருநாள் கூட்டத்துக்கு நடுவே முன்னங்காலைத் தூக்கும்.

நான் கைக்கொண்ட வழி மெதுவானது. தீனி தின்றுகொண்டிருக்கும் வேளையில், காது மட்டும் திரும்பும் அளவு தொலைவிலிருந்து சத்தம் வர வேண்டும். தலையைத் தூக்கும், பார்க்கும். மறுபடி வாயை அசைத்து மெல்லத் தொடங்கும்வரை அடுத்த சத்தம் வேண்டாம். தின்பதை நிறுத்தாமல் கேட்கிற நிலை வந்த பிறகே சில அடி தொலைவு குறையலாம். ஒருநாள் மிரண்டால் பழைய தொலைவுக்குத் திரும்பிவிட வேண்டும், அதில் கௌரவம் பார்க்கக் கூடாது. கையில் பிடித்திருக்கும்போது கயிற்றுக்குத் தளர்வு வேண்டும். ஓரிரு அடி விலகிப் போக இடம் இருக்கிறது என்று தெரிந்த குதிரை பெரும்பாலும் விலகாமலே நிற்கும்.

இத்தனைக்குப் பிறகும் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் கேட்டு வருபவர்களிடம், குதிரை நிற்கும் இடத்தில் வெடி போடுவதாக இருந்தால் வர மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தாலும் அதில் மாற்றம் இல்லை. தீபாவளி இரவில் அவளைக் குட்டைக் கயிற்றில் கட்டுவதில்லை. கொட்டகைக்குள் காய்ந்த புல்லை நிறையப் போட்டு, துணைக்கு ஓர் ஆட்டையும் கட்டிவிட்டு, நானும் அங்கேயே படுப்பேன்.

குழந்தைகள் வரும் வீடாக இருந்தால் ஒன்று முக்கியம். குதிரைக்குக் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய உடலைச் சுற்றிலும் பார்க்கும். நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் மட்டும் அதற்குத் தெரியாது. பேச்சுக் கொடுத்தபடி தோள் பக்கமாக வர எல்லாரையும் பழக்குங்கள்.

கரிசல் மண் குதிரைக்கு நல்லதும் கெட்டதும் கலந்தது. கோடையில் கல்லாக இறுகி வெடிப்பு விடும். அந்த வெடிப்பில் கால் மாட்டினால் எலும்பு முறியும். ஐப்பசி மழையில் குளம்புக்கடியில் அப்பிக்கொண்டு காய்ந்து இறுகும். சவாரி முடிந்ததும் நான்கு குளம்புகளையும் சுரண்டிப் பார்ப்பது எனக்குச் சோறு தின்பதற்கு முந்தைய வேலை. கம்மாய்க் கரை மண் பாதை காலுக்கு இதம், ஆனால் அங்கேதான் சீமைக்கருவேல முள். அது குளம்பின் நடுவிலுள்ள மெத்தைப் பகுதியில் ஏறினால் வெளியே ஒரு புள்ளிகூடத் தெரியாது. உள்ளே சீழ் பிடித்து, மூன்றாவது நாள் குதிரை அந்தக் காலை ஊன்றாது. வீட்டுப் பிராணிகளில் குதிரையைப்போல ரணஜன்னிக்கு, அதாவது டெட்டனஸுக்கு, எளிதில் ஆளாகும் பிராணி வேறில்லை. டெட்டனஸ் தடுப்பூசி முதலில் ஒன்று, நான்கிலிருந்து ஆறு வாரத்தில் மறு ஊசி, பிறகு ஆண்டுதோறும். குளம்பு வளர்ந்துகொண்டே இருக்கும், ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவ வேண்டும். லாடக்காரர் கிடைக்கும் நாளில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால் குதிகாலும் தசைநாரும் கெடும்.

அதே கருவேலக் காயைக் குதிரை விரும்பித் தின்னும். அதிகம் தின்றால் குடலில் அடைத்துக்கொள்ளும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தின்றது கீழ்வழியாகப் போயே தீர வேண்டும். அதனால் வயிற்றுவலி குதிரைக்கு உயிர்க் கண்டம். முன்காலால் தரையைப் பறிப்பது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, படுத்து உருள்வது, சாணம் போடாமல் இருப்பது எல்லாம் அறிகுறிகள். நலமாக இருக்கும் குதிரைக்கு ஓய்வு நேரத்தில் நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை. தாடைக்கு அடியில் விரல் வைத்துப் பார்க்கலாம். அது 60-ஐத் தாண்டினால் கை வைத்தியம் பார்க்காமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள். நலமாக இருக்கும்போதே எண்ணிப் பழகியிருந்தால்தான் அந்த நேரத்தில் கை நடுங்காமல் எண்ண வரும்.

தீவனத்தில் எங்கள் ஊர்ப் பாசமே ஆபத்து. ஊறவைத்த கொள்ளை அள்ளி அள்ளிப் போடுவார்கள். குதிரையின் இரைப்பை உடம்புக்கு மிகச் சிறியது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் புல் மேயப் படைக்கப்பட்ட வயிறு அது. உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு காய்ந்த புல்லும் கொடியும் வேண்டும். என் குதிரைக்கு நாளுக்கு ஐந்திலிருந்து ஏழு கிலோ. கொள்ளு அதன் மேல் ஒரு கை சேர்ப்பு, அவ்வளவுதான். பூஞ்சை பிடித்த கடலைக்கொடியை மோந்து பார்த்தாலே தெரியும், தூக்கி எறியுங்கள். தண்ணீர் சாதாரண நாளில் 25 லிட்டருக்குக் குறையாது, சித்திரை வெயிலில் அதைப்போல இரு மடங்கு.

குதிரையை வாங்கிவிட்டு அதைப் பேணத் தெரியாமல் நிற்பது பாண்டிய நாட்டுக்குப் பழைய கதை. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, அரேபியாவிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் இறங்கியதையும் அவற்றில் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் செத்ததையும் குறித்திருக்கிறார். லாடம் கட்டவும் நோய் பார்க்கவும் தெரிந்தவர் இங்கே இல்லை, இறைச்சியோடு சோற்றை வேகவைத்துப் போட்டார்கள் என்கிறார். கருவூலத்தில் பொன் இருந்தது, குதிரை வயிற்றைப் பற்றிய அறிவு இல்லை. எழுநூறு ஆண்டுக்குப் பிறகும் நாம் அந்த இடத்திலேயே நிற்கக் கூடாது என்பதுதான் என் ஆதங்கம்.

குதிரையைக் காட்சிக்குக் கொண்டுபோவதென்றால் தமிழ்நாட்டில் ஆடி மாதத்து அந்தியூர்தான். புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் பண்டிகையை ஒட்டிக் கூடும் சந்தை. கத்தியவார், மார்வார், மட்டக்குதிரைகள், பக்கத்திலேயே பர்கூர் மாடுகள், காங்கேயம் காளைகள். எங்கள் ஊரிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர். இரவில் புறப்பட்டு, லாரித் தளத்தில் வைக்கோல் பரப்பி, வழியில் நிறுத்தித் தண்ணீர் காட்டிக் கொண்டுபோவோம். புறப்படுவதற்கு முன் கிளாண்டர்ஸ் நோய்க்கான ரத்தப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். அது குதிரையிலிருந்து மனிதருக்கும் தொற்றும், தடுப்பூசி கிடையாது. சந்தையில் பொதுத் தொட்டியில் வாய் வைக்க விடாமல் நம் வாளியிலேயே தண்ணீர் கொடுப்பது நல்லது.

அங்கே பலர் முதலில் சுழி பார்ப்பார்கள். நான் அதில் நேரம் செலவிடுவதில்லை. நான்கு கால்களும் தரையில் எப்படி விழுகின்றன என்று பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்ப்பேன். தளர்ந்த கயிற்றில், கூட்டத்துக்கு நடுவே, ஒரு குதிரை ஒரு பின்னங்காலை ஓய்வாக மடித்து நிற்குமானால் அதை வளர்த்தவரை நான் தேடிப்போய்ப் பேசுவேன். அந்த நிற்றலைப் பண்டிகை அன்று சொல்லித்தர முடியாது. வீட்டில் தினமும் நிற்க வைத்துப் பழகியதுதான் அங்கே தெரியும்.

கூட்டம் அதிகம் கூடுவது மேளத்துக்கு ஆடும் நாட்டியக் குதிரையைச் சுற்றி. நிதானமாக, வெகுநாள் பழக்கி ஆட்டுபவர்கள் இருக்கிறார்கள், அவர்களை வணங்குகிறேன். ஆனால் வாயோரம் ரத்தம் கசிய, கழுத்து நுரைக்க ஆடும் குதிரையைப் பார்த்துக் கைதட்டாதீர்கள். முள் வைத்த கடிவாளத்தை வண்டி மற்றும் பொதி விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு விதிகளே தடை செய்திருக்கின்றன. கடிவாளத்தைக் கையில் வாங்கி விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் குதிரைக்கு விலை பேசுங்கள். வாங்குபவர் கேட்கத் தொடங்கினால் விற்பவர் மாறுவார்.

குட்டி வாங்கப் போகிற இளைஞர்களிடம் ஒன்று வேண்டிக் கேட்கிறேன். விற்பவர் சொல்லும் வயதை நம்பிவிடாமல் உதட்டைத் திறந்து முன்பற்களைப் பாருங்கள். நடுச் சோடிப் பால்பல் விழுந்து நிலைப்பல் முளைப்பது இரண்டரை வயதில், அடுத்த சோடி மூன்றரையில், ஓரத்துச் சோடி நாலரையில். உயரம் வந்துவிட்டதே என்று இரண்டு வயதுக் குட்டியின் முதுகில் ஏறுகிறார்கள். முதுகெலும்பின் வளர்ச்சி முழுதாக முடிய ஐந்து வயதுக்கு மேல் ஆகும். மூன்று வயது நிரம்பும்வரை கையில் பிடித்து நடத்துங்கள், குளம்பைத் தூக்கப் பழக்குங்கள், சத்தத்தைப் பழக்குங்கள், சேணத்தை வெறுமனே வைத்து எடுங்கள். அதுவரை அதன் முதுகில் ஆளேற்றாதீர்கள்.