தேநீரும் இரும்புச் சத்தும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

நம் புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர்களில் பொழுது விடிவதே தேநீர்க் கடைப் பாய்லரின் முன்தான். நாள்தோறும் பருகும் இப்பானத்தைப் பற்றி நான் கற்றதையும் கண்டதையும் சக மாணவ மாணவியரோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

களைப்பு நீங்குவது ஏன்?

உலர்ந்த தேயிலையில் நூற்றுக்கு 2 முதல் 4 பங்கு வரை காபீன் உள்ளது. செருமானிய வேதியியலார் ரூங்கே 1819இல் காப்பிக்கொட்டையிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். 1827இல் தேயிலையிலிருந்து கிடைத்த பொருளுக்குத் 'தேயீன்' எனத் தனிப்பெயர் இட்டனர். 1838இல் இரண்டும் ஒன்றே எனத் தெளிவாயிற்று. அர்ஜென்டினா, பராகுவே நாட்டு மக்கள் சுரைக்குடுக்கையில் இட்டு உலோகக் குழலால் உறிஞ்சும் 'மாத்தே' என்னும் இலைப் பானத்திலும் இருப்பது இதே காபீன்தான்.

உழைக்க உழைக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து அயர்வைத் தருகிறது. அது சென்று அமர வேண்டிய இடத்தில் காபீன் முந்திக்கொண்டு அமர்ந்துவிடுகிறது. ஆகவே களைப்பு மறைகிறது. ஆனால் உடலுக்கு உணவு கிடைத்துவிடவில்லை.

ஆய்வுக்கூடத்தில் கண்டது

பீனால்களுக்கான சோதனையை முடித்த ஒருநாள், ஆசிரியரின் அனுமதியோடு சோதனைக் குழாயில் சிறிது தேயிலை வடிநீரை ஊற்றி, பெரிக் குளோரைடு கரைசலில் இரண்டு சொட்டு விட்டேன். நொடியில் மை போலக் கறுத்தது. தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் இரும்போடு கூடியதன் விளைவு அது. நம் முன்னோர் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து எழுதும் மை காய்ச்சியதும் இந்த வினையைக் கொண்டுதான். அன்னபேதி என்பது பெரஸ் சல்பேட். இரத்தசோகைக்குத் தரும் மாத்திரைகள் பலவற்றிலும் உள்ள இரும்பு உப்பு அதுவே.

அந்தக் கறுப்பைக் கண்டதும் என் தாயாரின் நினைவு வந்தது. அவர் கடலைக் காட்டில் கூலி வேலை செய்பவர். காலையில் தேநீர்தான் ஆகாரம். ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டிய இடத்தில் 9 இருப்பதாகச் சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார்கள். அந்த மாத்திரையை அவர் நாள் தவறாமல் தேநீரோடுதான் விழுங்கி வந்தார். உணவோடு தேநீர் பருகினால் தானியம், கீரைகளிலுள்ள இரும்பு குடலில் சேர்வது பாதிக்கும் மேல் குறையும் என ஆய்வுகள் காட்டுகின்றன. மாத்திரையையும் தேநீரோடு சேர்க்கலாகாது என்பதே மருத்துவ அறிவுரை.

அன்று மாலை வீட்டில் இதைச் சொன்னேன். "டீயை விட்டா எனக்கு வேலை ஓடாது ஆத்தா" என்றார். விட வேண்டாம், நேரத்தை மட்டும் மாற்றுங்கள் என்றேன். "இதைத்தான் காலேசுல படிக்கிறியா?" என்று சிரித்தார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பாடப் புத்தகம் எங்கள் அடுப்படிக்குள் நுழைந்ததும் அன்றுதான் முதன்முறை.

செய்யத்தக்கவை

தண்ணீர் கொதித்ததும் இறக்கித் தூளைப் போட்டு மூடி, மூன்று நான்கு நிமிடங்களில் வடிகட்டுக. காபீன் விரைவில் இறங்கிவிடும். நெடுநேரம் கொதிக்கவிட்டால் துவர்ப்பே மிகும். பழைய தூளில் மீண்டும் நீரூற்றிக் காய்ச்சுவதால் பயன் குறைவு.

உணவுக்கும் மாத்திரைக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தேநீரைத் தள்ளி வைக்க. நெல்லிக்காய், எலுமிச்சை போன்றவற்றின் வைட்டமின் சி இரும்பு சேர உதவும்.

2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உள்ளவர்கள். அவர்களுள் நம் தாய்மாரும் தமக்கையரும் இருக்கக்கூடும். என் தாயார் இப்போது இரவு உணவுக்குப் பின் எலுமிச்சைச் சாற்றோடு மாத்திரை உட்கொள்கிறார்; காலைத் தேநீரை விடவில்லை. நண்பர்களே, இன்று வீடு திரும்பியதும் உங்கள் வீட்டில் மாத்திரை எதனோடு விழுங்கப்படுகிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.