தேயிலை மலைச் சவுக்கு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

இலங்கையின் ஊவாவில் மீரியபெத்த தொடங்கி பதுளை வரை எந்தத் தேயிலை மலையில் ஏறினாலும் கொழுந்துச் செடிகளுக்கு மேலே நிரை நிரையாக உயர்ந்து நிற்கும் மரம் ஒன்று உண்டு. தோட்டத்து மக்களுக்கு அது சவுக்கு. தோட்ட நிர்வாகத்துக்குக் கிரெவிலியா. நீலகிரியிலும் வால்பாறையிலும் சில்வர் ஓக். இந்த மரத்தைப் பற்றிய தவறான நம்பிக்கைகளில் சில வெறும் பெயர்க்குழப்பம். ஒன்று உயிருக்கே ஆபத்தானது.

நம்பிக்கை: கடற்கரைச் சவுக்கும் இதுவும் ஒன்றே.

உண்மை: கையில் ஒரு கொப்பை எடுத்துப் பார்த்தாலே வேறுபாடு தெரியும். கடற்கரைச் சவுக்கில் ஊசிபோல் தொங்குவது இலையல்ல, மெல்லிய பச்சைக் குச்சி. இழுத்தால் கணுக்கணுவாகக் கழன்று வரும். ஒவ்வொரு கணுவையும் சுற்றி ஒட்டியிருக்கும் சின்னஞ்சிறு செதில்களே அதன் இலைகள். தேயிலை மலைச் சவுக்குக்கோ பலவாகப் பிளவுபட்ட அகன்ற இலை. மேற்புறம் கரும்பச்சை, திருப்பினால் பட்டு மயிரோடு வெள்ளி நிறம். காற்றடிக்கும்போது மரமே வெளுத்துத் தெரிவது அதனால்தான்.

நம்பிக்கை: சில்வர் ஓக் என்பது ஓக் இனம்.

உண்மை: ஓக் மரம் கிண்ணத்துக்குள் பொருந்திய கொட்டையைக் காய்க்கும். இந்த மரத்தின் காய் ஓர் அங்குலத்துக்கும் சிறியது, நுனியில் வளைந்த மூக்குடையது; வெடித்தால் உள்ளே சிறகு வைத்த தட்டை விதை ஒன்றோ இரண்டோ இருக்கும். பொன்னும் ஆரஞ்சும் கலந்த பூக்கள், பல் துலக்கும் பிரஷ் போல ஒரே பக்கமாக நிமிர்ந்து நிற்கும். பிறந்த மண் கிழக்கு ஆஸ்திரேலியா. அறுத்த பலகையின் வரிகள் ஓக் பலகையை ஒத்திருப்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

நம்பிக்கை: நிழல் மரம் எதுவானாலும் மண்ணுக்கு உரம் சேர்க்கும்.

உண்மை: முள்முருங்கை, வாகை போன்றவற்றின் வேர்முடிச்சு நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து மண்ணில் சேர்க்கின்றன. கிரெவிலியாவுக்கு அந்த வசதி இல்லை. அது உதிர்க்கும் இலை நிலத்தை மூடி ஈரத்தைக் காக்கிறது. ஊவாவின் வறண்ட கச்சான் காற்றை மரவரிசை தடுக்கிறது. தேயிலைக்கு இதுவே பேருதவி.

நம்பிக்கை: சவுக்கு நிற்கும் மலை சரியாது.

உண்மை: இதுதான் ஆபத்தான நம்பிக்கை. வேர் மேல்மண்ணைப் பிடித்து வைக்கும், உண்மைதான். ஆனால் விடாத மழையின் நீர் வேர் எட்டாத ஆழத்தில் இறங்கி மண்ணைத் தளர்த்திவிட்டால், மரத்தையும் சுமந்துகொண்டே மலை இறங்கும். 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தயில் மலை சரிந்து, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களை மண் மூடியது. அந்த இடத்தின் அபாயத்தைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது.

எனவே இலையையும் காயையும் பார்க்கும் கண் அடிமரத்தையும் பார்க்கட்டும். நேராக நின்ற சவுக்குகள் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கினாலோ, நிலத்தில் வெடிப்பு விழுந்தாலோ, ஊற்று நீர் திடீரெனக் கலங்கினாலோ, நின்றாலோ, காத்திருக்க வேண்டாம். லயத்தில் உள்ள எல்லோரையும் அழைத்துக்கொண்டு வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு உடனே சொல்லுங்கள்.