கடற்படைக்கு அனுபவம் வேண்டுமா?

கேள்வி: கடற்படையில் சேர விரும்புகிறேன். தந்தையாருடன் மீன்பிடி வள்ளத்தில் சென்றதன்றி வேறு தொழில் அனுபவம் இல்லை. என் விண்ணப்பத்துக்கு வலுச் சேர்ப்பது எப்படி?
— வாசகர், உப்புவெளி

பதில்: தம்பி, மனம் தளர வேண்டாம். 1967இல் உமது திருகோணமலைத் துறைமுகத்தில் நிறுவப்பெற்ற கடற்படைக் கலாசாலையே, அனுபவமற்ற இளைஞரைப் பயிற்றி அதிகாரிகளாக்குதற்கென்று ஏற்பட்டதாகலின், நீர் காட்டவேண்டியது பழைய உத்தியோகங்களை அன்று, கற்கும் யோக்கியதையையே. வள்ளத்தில் கழித்த காலத்தை அற்பமென்று மறையாது, எத்தனை ஆண்டு, எவ்வகை இயந்திரம், எந்தப் பழுதை நீரே திருத்தினீர் என்பவற்றைத் தெளிவாக எழுதி, மீனவர் சங்கத் தலைவரின் அத்தாட்சிக் கடிதத்தையும், பாடசாலை விளையாட்டு, சாரணர் சான்றிதழ்களையும் இணைத்துக்கொள்ளும். அறிவித்தல் வெளிவரும்வரை நாள்தோறும் ஓட்டமும் நீச்சலும் அப்பியாசமாகட்டும். சிங்களம் பேசப் பழகும். வெளியிணைப்பு இயந்திரத் திருத்தத்தில் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் ஒன்றையும் சிரத்தையோடு சம்பாதித்துவிடும். துணிந்து விண்ணப்பியும்!